எவ்வளவு தூரம், சாமி?

ஜவ்வாது மலையில் ஒரு கிளைக்கிராமம். மாலைத் திருப்பலி முடிந்து, சிற்றாலயத்தின் முற்றத்தில் மக்களோடு அமர்ந்திருந்தோம். சாமை அறுவடை முடிந்திருந்த காலம். களத்திலிருந்து வைக்கோலின் மணம் வந்துகொண்டிருந்தது. தலைக்குமேல் விளக்குகள் மின்ன விமானம் ஒன்று மேற்கு நோக்கிச் சென்றது. அதனை அண்ணாந்து பார்த்திருந்த முதியவர் ஒருவர், “அது எங்கே போகுதுங்க, சாமி?” என்று வினவினார்.

“சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகலாம், அல்லது அதற்கும் அப்பால் கடல் கடந்து போகலாம்” என்றோம்.

“எவ்வளவு தூரம்?”

கிலோமீட்டர்க் கணக்கைச் சொல்லத் தொடங்கினோம். முதியவர் கையை அசைத்துத் தடுத்தார். “அந்தக் கணக்கு எனக்கு எதுக்குங்க? காலையிலே கிளம்பினா எப்போ போய்ச் சேரலாம், அதைச் சொல்லுங்க.”

எழுத்தறியாத அந்தப் பெரியவரின் கேள்வியே சரியான கேள்வி என்பதை நாம் முன்னமே அறிந்திருந்தோம். அதனை அறிந்துகொள்ள நாம் கொடுத்த விலை பெரிது. அன்பு வாசகர்களே, அக்கதையை முதற்கண் கூறிவிடுகிறோம். பிற குடும்பங்களுக்கேனும் அது பயன்படட்டும்.

நாம் தவறிய கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன், மலையடிவாரப் பங்கொன்றில் நாம் பணியாற்றியபோது, கைம்பெண்ணான தாய் ஒருவர் செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்கு இறையடி சேர்ந்தார். அவருக்கு ஒரே மகன். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரருகே வேலை. தொலைபேசியில் செய்தி சொல்லப்பட்டது. “உடனே புறப்படுகிறேன், காத்திருங்கள்” என்றார் மகன்.

அடக்கத்தை எப்போது வைப்பது என்று உறவினர் நம்மை வினவினர். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு 17 மணி நேரம் என்று செய்தித்தாளில் படித்தது நம் நினைவில் இருந்தது. அத்துடன் சாலைப் பயணத்துக்கு 5 மணி நேரமும், தாமதத்துக்கென்று இன்னும் சில மணி நேரமும் கூட்டினோம். “புதன் நள்ளிரவுக்குள் வந்துவிடுவார், வியாழன் காலை 9 மணிக்கு அடக்கத் திருப்பலி வைப்போம்” என்றோம். பங்குத்தந்தையின் வாக்கை யார் மறுப்பர்? எல்லாருக்கும் அவ்வாறே அறிவிக்கப்பட்டது.

வியாழன் காலை மகன் வரவில்லை. விமானத்தில் இருந்தவரிடம் பேசவும் வழியில்லை. மலையிலிருந்து இறங்கி வந்திருந்த உறவினர் பொழுதோடு திரும்ப வேண்டும் என்றனர். ஒரு மணி நேரம் காத்திருந்து, பின் நாமும் இசைந்தோம். பிற்பகல் ஒன்றரை மணிக்கு மகன் வந்தார். மண் மூடிய கல்லறையருகே நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தார். நம்மிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நமக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

எங்கே தவறினோம்? நாம் செவ்வாய் மாலை 6 மணி என்றபோது, அங்கே அதே செவ்வாய் விடியற்காலை 5-30 மணி. பயணச்சீட்டுப் பெற்று அவர் ஏறிய விமானம் அங்குள்ள இரவு 8-30 மணிக்குப் புறப்பட்டது. அதற்குள் 15 மணி நேரம் கழிந்துவிட்டது. நேராக வரும் விமானத்தில் இடம் அமையாமையால், இடையில் ஒரு நாட்டில் இறங்கி மாறி வந்தார். அதற்கு 22 மணி நேரம். குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒன்றரை மணி. சாலையில் 5 மணி. ஆக 43½ மணி நேரம். நாம் கணக்கிட்டதோ விமானம் வானில் இருக்கும் நேரத்தை மட்டுமே. மகன் தாயிடம் வந்து சேரும் நேரத்தையன்று.

உருண்டையின்மேல் ஒரு நூல்

அன்று முதல் இந்தத் தூரக்கணக்கைச் சற்று ஊன்றிக் கற்றோம். கற்றதை ஈண்டு பகிர்ந்துகொள்கிறோம்.

சுவரில் தொங்கும் உலகப்படத்தில் பெங்களூர் வலப்புறமும் சான் பிரான்சிஸ்கோ இடக்கோடியிலும் இருக்கும். அளவுகோல் வைத்துக் கோடிழுத்தால், அது அரபு நாடுகள், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் மாகடல் எனச் செல்லும். இக்கோடு நம்மை ஏமாற்றும் கோடு. ஏனெனில் பூமி தட்டையன்று. மறைக்கல்விச் சிறுவர்க்கு இதனைக் காட்ட ஒரு சாத்துக்குடியும் ஒரு நூலும் போதும். இரண்டு புள்ளிகளை வைத்து நூலை இறுக இழுத்துப் பிடித்தால், அது தானாகவே மிகக் குறுகிய வழியில் படிந்து நிற்கும். பூகோள உருண்டையின்மேல் இவ்விரு நகரங்களுக்கும் அவ்வாறு நூல் பிடித்தால், அது மேற்கே போகாது. வடக்கே ஏறிச் சீனத்தையும் கிழக்குச் சைபீரியாவையும் அலாஸ்காவையும் கடந்து மறுபுறம் இறங்கும். இரு நகரங்களும் ஏறக்குறைய உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதே காரணம். இந்த நூலின் நீளம் ஏறத்தாழ 14,000 கி.மீ. விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் என்று நூல்கள் குறிப்பது இதனையே.

பூமியைச் சுற்றி வரும் முழுவட்டம் 360 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை. ஒரு கலையின் தூரமே ஒரு கடல் மைல், அது 1.852 கி.மீ. விமானிகள் இன்றும் இக்கடல் மைலாலேயே தூரத்தை அளக்கின்றனர். 21,600 கடல் மைல் சென்றால் உலகை ஒருமுறை சுற்றியாயிற்று. அதாவது 40,000 கி.மீ. இவ்வளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது அம்மகன் கடந்துவந்த வழி.

எனினும் நூல் சென்ற வழியிலேயே விமானம் செல்லும் என்பதில்லை. 2021ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் இரவு, ஏர் இந்தியாவின் போயிங் 777 விமானம் ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதன்முறையாக நேராகப் புறப்பட்டது. ஜோயா அகர்வால் என்னும் தலைமை விமானியின் கீழ், விமானிகள் அனைவரும் பெண்களாகவே இருந்து, வடதுருவத்தின்மேல் பறந்து அதனைக் கொணர்ந்தனர். அவர்கள் கடந்த வழி ஏறத்தாழ 16,000 கி.மீ.; நேரம் ஏறத்தாழ 17 மணி. குறுகிய வழியினும் 2,000 கி.மீ. மிகுதியாயினும் அதுவே அன்று ஏற்ற வழியாய் இருந்தது. துருவத்தின் கடுங்குளிரில் எரிபொருள் உறையாதபடி காக்க வேண்டும். இடையில் தீங்கு நேரின் இறங்குவதற்கு நிலையங்களை முன்கூட்டியே குறித்திருக்க வேண்டும். இவையெல்லாம் சேர்ந்தே வழியைத் தீர்மானிக்கின்றன.

காற்றின் பங்கு

பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று ஆறுபோல் ஓடுகிறது. சில வேளைகளில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.க்கும் மேற்படும். விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. செல்வது. காற்று முதுகில் தள்ளினால் நேரம் குறையும். முகத்தில் மோதினால் நேரம் கூடும்.

இதற்கோர் அழகிய சான்றுண்டு. தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியே மேற்காகப் பறந்துவந்த ஏர் இந்தியா விமானம், 2016ஆம் ஆண்டு அக்டோபரில் திசையை மாற்றிப் பசிபிக் வழியே கிழக்காகப் பறந்தது. பழைய வழி ஏறத்தாழ 13,900 கி.மீ.; புதிய வழி ஏறத்தாழ 15,300 கி.மீ. தூரம் 1,400 கி.மீ. கூடியது, நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்து, பதினான்கரை மணி நேரத்தில் விமானம் போய்ச் சேர்ந்தது. நெடிய வழியே விரைவான வழியாயிற்று!

காற்றைப் போலவே மனிதரின் பகையும் பயணத்தை நீட்டும். 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு அடைத்தபோது, வடஇந்தியாவிலிருந்து மேல்நாடு சென்ற விமானங்கள் சுற்றிச்செல்ல நேர்ந்தது. நாடுகள் மூடும் வாயில்களின் சுமை, எங்கோ ஒரு மரணப்படுக்கையருகே காத்திருக்கும் குடும்பத்தின்மேலும் விழுகிறது.

காணாமற்போன ஞாயிறு

மேற்கூறிய முதல் விமானம் பற்றி வாசகர் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. அது சனிக்கிழமை இரவு 8-30 மணியளவில் புறப்பட்டது. பெங்களூரில் இறங்கியபோது திங்கட்கிழமை வைகறை. இடையில் ஞாயிறு எங்கே? அது வானிலேயே கழிந்தது. அவர்கள் புறப்பட்ட வேளையில் நம் நாட்டில் ஞாயிறு காலை 10 மணி; நம் ஆலயங்களில் பலியும் மறையுரையும் நடந்துகொண்டிருந்த நேரம்.

மாறாக, பெங்களூரில் பிற்பகல் 2-30 மணிக்குப் புறப்பட்டு 16 மணி நேரம் பறந்தால், பனிக்காலத்தில் அங்கே அதே நாள் மாலை 5 மணிக்கு இறங்கலாம். கடிகாரத்தைக் கேட்டால் இரண்டரை மணி நேரப் பயணம் என்னும். களைத்த உடலைக் கேட்டால் உண்மை தெரியும்.

இது புதிய வியப்பன்று. உலகை முதன்முதல் கப்பலில் சுற்றிவந்தோர் 1522ஆம் ஆண்டு சூலையில் கேப் வெர்டே தீவுகளை அடைந்தபோது, தங்கள் கணக்கில் புதனாயிருந்த நாள் கரையில் வியாழனாயிருக்கக் கண்டு திகைத்தனர். நாள் தவறாது குறித்துவந்த பிகாஃபெட்டா இதனை எழுதிவைத்தார். மேற்கு நோக்கியே சென்றதால் ஒரு நாள் அவர்கள் கணக்கிலிருந்து நழுவியிருந்தது.

அப்படியாயின் விமானத்தில் ஞாயிற்றுக் கடன் என்னாகும் என்று இளைஞர் வினவுவர். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இதற்கு இடம் வைத்தே பேசுகிறது. முந்திய நாள் மாலைத் திருப்பலியில் பங்குகொண்டாலும் கடன் நிறைவேறும். தக்க காரணத்தால் திருப்பலிக்கு வழியே இல்லையெனில், தனியாகவோ குடும்பமாகவோ உரிய நேரம் செபத்தில் செலவிடுமாறு அது பரிந்துரைக்கிறது. ஆகவே பயணம் செல்லும் மக்களுக்கு நாம் சொல்வது: புறப்படுமுன் மாலைத் திருப்பலிக்குச் செல்லுங்கள், இயலாவிடில் இருக்கையில் அமர்ந்தே செபமாலையை எடுங்கள். விமானப் பயணிகளுக்குப் பாதுகாவலியாக லொரேத்தோ அன்னையை 1920ஆம் ஆண்டு பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அறிவித்திருக்கிறார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பிந்தி வந்த கடிதம்

புனித பிரான்சிஸ் சவேரியார் 1541ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் லிஸ்பனில் கப்பலேறினார். கோவாவை அடைந்தது 1542 மே 6ஆம் நாள். பதின்மூன்று மாதம்! தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலியார் 1604 ஏப்ரலில் புறப்பட்டு 1605 மே மாதத்தில் வந்து சேர்ந்தார். லிஸ்பனுக்கும் கோவாவுக்கும் இடையே நூல் பிடித்தால் ஏறத்தாழ 8,300 கி.மீ.தான், விமான வேகத்தில் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றே மிகுதி. ஆனால் அவர்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிக் காற்றுக்குக் காத்திருந்து வந்தனர்.

சவேரியார் தம் தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்தம் கையொப்பங்களை வெட்டியெடுத்து, மார்பில் அணிந்திருந்தார் என்பர். 1553ஆம் ஆண்டு சூன் மாதம் புனித இஞ்ஞாசியார் அவரைத் திரும்பி வருமாறு அழைத்து உரோமையிலிருந்து கடிதம் எழுதினார். சவேரியாரோ 1552 டிசம்பர் 3ஆம் நாளே சான்சியான் தீவில் உயிர்நீத்திருந்தார். இறந்த நண்பருக்கு எழுதுகிறோம் என்பதை இஞ்ஞாசியார் அறியார். புனிதரும் தூரத்தின் துயரிலிருந்து தப்பவில்லை. கல்லறையருகே பிந்தி வந்து நின்ற அம்மகனுக்கு, சில மாதம் கழித்து, நாம் இதனையே எடுத்துரைத்தோம்.

குடும்பத்தினர் செய்யத் தக்கவை

பிள்ளைகள் தூரநாட்டில் வாழும் குடும்பங்கள் சிலவற்றை நலமாயிருக்கும் காலத்திலேயே பேசிவைத்தல் நன்று.

முதலாவது, பறக்கும் நேரத்தை மட்டும் கேளாதீர்கள். அவர் வீட்டு வாயிலிலிருந்து நம் வீட்டு வாயில்வரை ஆகும் நேரத்தைக் கேளுங்கள். விமானம் புறப்படும்வரை காத்திருக்கும் நேரம், மூன்று மணி முன்னதாக நிலையம் சேர்தல், இடைநிலையத்தில் மாறுதல், குடிநுழைவுச் சோதனை, சாலைப் பயணம் ஆகிய அனைத்தும் அதிலடங்கும்.

இரண்டாவது, நாளையும் மணியையும் குறிக்கும்போது அது எந்த நாட்டுக் கணக்கு என்பதைத் தெளிவுபடுத்துங்கள். சான் பிரான்சிஸ்கோ கோடையில் நமக்குப் பன்னிரண்டரை மணியும், பனிக்காலத்தில் பதின்மூன்றரை மணியும் பின்தங்கியது.

மூன்றாவது, மகனோ மகளோ விமானமேறிய பின்னரே அடக்க நேரத்தை உறுதி செய்யுங்கள். அவர் வரும் நேரத்துக்கும் அடக்கத்துக்கும் இடையே சில மணி நேர இடைவெளி இருக்கட்டும். பங்குத்தந்தையின் வசதி இதற்குத் தடையாகலாகாது. நாம் இதனை நமக்கே சொல்லிக்கொள்கிறோம்.

நான்காவது, எவ்வளவு முயன்றும் வர இயலாதாரைப் பழிக்காதீர்கள். முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலியும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைச் சந்திப்பும் அவர்களுக்காகவும் இருக்கின்றன. இறந்தோர்க்கு நாம் செய்யும் செபத்துக்குத் தூரமில்லை.

குறுகிய தூரமே நெடிய தூரம்

இவ்வளவும் எழுதிய பின்னும், அந்த மலைப் பெரியவரின் கேள்வி நம்மை விடவில்லை. நாம் 14,000 கிலோமீட்டரைப் பற்றிப் பேசுகிறோம். அவருடைய மக்களுக்கோ சில கிலோமீட்டரே உயிர்ப் பிரச்சினை.

2023ஆம் ஆண்டு மே மாதம், வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றைப் பாம்பு தீண்டியது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுமுன் குழந்தை இறந்தது. உடலை ஏற்றிவந்த வண்டி சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட, பெற்ற தாய் அவ்வுடலைக் கையில் ஏந்தி மலைப்பாதையில் நடந்தே ஊர் சேர்ந்தார். அச்செய்தியை நாடே படித்துக் கண்ணீர் விட்டது. உலகின் மறுபுறத்திலிருந்து ஒரு பகலும் ஓரிரவும் ஆகுமுன் மனிதர் வந்திறங்கும் காலத்தில், ஒரு குழந்தைக்குச் சாலை எட்டவில்லை.

நல்ல சமாரியன் உவமையில் குருவும் லேவியனும் அடிபட்டவனை விட்டு எவ்வளவு தூரத்தில் சென்றார்கள்? சாலையின் மறுபக்கம், அவ்வளவே. அந்தச் சில அடிகளே கடக்க முடியாத தூரமாயின. ஆண்டவர் அயலான் யாரென்று கூறியபோது அருகில் இருப்பவனைக் காட்டவில்லை. அருகில் சென்றவனையே காட்டினார்.

எனவே ஒவ்வொரு பங்கும் தன் எல்லைக்குள் உள்ள கடைசி வீடு எது என்பதை அறிந்திருக்கட்டும். அங்கிருந்து வண்டி வரும் இடம்வரை எத்தனை நேரம் நடை? 108 அவசர ஊர்தி எதுவரை வரும்? நள்ளிரவில் நோயாளியைத் தூக்கிவர எந்த நான்கு இளைஞர் எழுவர்? பாம்புக்கடிக்கு மருந்து உள்ள அரசு மருத்துவமனை எது? இளைஞர் மன்றமும் வின்சென்ட் தே பவுல் சபையும் ஒரு ஞாயிறு மாலை அமர்ந்து இதனை எழுதிவைக்கலாம். சாலை கேட்டு முறையீடு எழுதுவதற்கும் அந்தக் கணக்கே ஆதாரமாகும்.

விண்மீன்களின் கீழே

இம்மலையில் காவலூரில் ஒரு வான்காணகம் உண்டு. சென்னைக்கு ஏறத்தாழ 200 கி.மீ., பெங்களூருக்கு ஏறத்தாழ 175 கி.மீ. தொலைவில், 725 மீட்டர் உயரத்தில் அமைந்தது. அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் வைணு பாப்பு என்னும் வானியல் அறிஞரின் பெயர் சூட்டப் பெற்றது. சனவரி 6, மூவரசர் திருநாள்! ஒரு விண்மீனைக் கண்டு நெடுவழி நடந்த ஞானியரின் நாள். அவர்கள் எத்தனை கல் நடந்தார்கள் என்று மத்தேயு கூறவில்லை. சென்று சேர்ந்தார்கள், குழந்தையைத் தாயோடு கண்டார்கள் என்பதையே கூறுகிறார்.

அன்றிரவு முற்றத்தில் அந்த முதியவருக்கு விடை சொன்னோம். “அந்த விமானம் கடல் கடந்து போவதாயிருந்தால், நாளை இந்நேரம் உலகின் மறுபக்கத்தில் இருக்கும், ஐயா.”

அவர் சற்று நேரம் மேற்கே பார்த்திருந்தார். பிறகு, “எங்க ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்குக்கூட அவ்வளவு சீக்கிரமாய்ப் போனால் நல்லதுங்க, சாமி” என்றார்.

அவருக்கு நாம் விடை சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, அவ்வூரின் கடைசி வீட்டிலிருந்து சாலைவரை கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தோம். ஒரு மணி நாற்பது நிமிடம். அதனை எழுதிவைத்திருக்கிறோம்.